இருட்டில் பன்றி பார்த்த கதை: தீப்பந்தம் முதல் தெர்மல் வரை

டெக்சாஸில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று நிலம் வாங்கிப் போடும் நம்மவர்கள் இப்போது நிறையவே உண்டு. முதல் வருஷம் முருங்கை நட்டோம், வெண்டை போட்டோம் என்று போட்டோ வரும். இரண்டாம் வருஷம் வரும் போட்டோவில் அதே நிலம் டிராக்டர் ஓட்டின மாதிரி புரண்டு கிடக்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து போயிருக்கும். அடுத்து வரும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "சார், ராத்திரியிலே பன்றியைப் பார்க்க என்ன கருவி வாங்கலாம்? நைட் விஷனா, தெர்மலா?"

இதை ஏன் ஒரு பேங்க் ஆபீசரிடம் கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆயிரம் டாலருக்கு மேல் போகும் எந்தச் செலவாக இருந்தாலும் என் காதில் போட்டுவிட்டுச் செய்வது இங்கே சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. நான் படித்தது பி.காம். எதில் பணம் போடுவதாக இருந்தாலும் பழைய கணக்கை முதலில் புரட்டு என்று சொல்லிக் கொடுத்த படிப்பு. இதற்கும் அப்படியே செய்தேன். புரட்டப் புரட்ட, பாதிக் கதை எங்கள் ஊர்ப் பக்கமே போய் நின்றது. நான் ஊரிகத்துக்காரன். கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இருட்டு என்பது மூன்று தலைமுறையாகச் சோறு போட்ட விஷயம்.

சரி, கதைக்கு வருவோம்.

காளி என்கிற நாய்

காட்டுப்பன்றி வேட்டைக்கு நம் பக்கத்தில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த போர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ராஜாதித்த சோழன் யானை மேலேயே இறந்துபோன போர். அவனை வீழ்த்தியவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இந்தக் கங்கர்கள் தங்களைக் 'குவளாலபுரத்து அதிபதிகள்' என்று பட்டம் போட்டுக்கொண்டவர்கள். குவளாலபுரம் என்பது எங்கள் கோலார்தான்.

அந்தப் போரில் வீரமாகச் சண்டையிட்ட மணலேரன் என்பவனிடம் "என்ன வேண்டும் கேள்" என்றான் பூதுகன். மணலேரன் பொன்னையும் கேட்கவில்லை, பொருளையும் கேட்கவில்லை. அரசனிடம் இருந்த 'காளி' என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு நாள் அந்த நாயை ஒரு பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவினார்கள். இரண்டும் கட்டிப் புரண்டு இரண்டுமே செத்தன. நாய்க்குக் கல் நட்டு, அதன் பூஜைக்கு நிலமும் விட்டார்கள். மண்டியா மாவட்டம் ஆதகூரில் இருந்த அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றிச் சரித்திரக்காரர்களுக்குக் கிடைத்த முக்கியமான சாட்சிகளில் இதுவும் ஒன்று. அடுத்த தடவை பெங்களூர் போகும்போது கப்பன் பார்க் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இந்தக் கதையை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. மனிதனின் கண்ணை நம்பிப் பன்றி பிடிக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நாயின் மூக்கைத்தான் நம்பினார்கள். அந்த நாய் ஒரு போருக்கே பரிசாகக் கேட்கிற அளவு மதிப்பாக இருந்தது.

ராத்திரிக் காவல் இன்னும் பழசு. சங்கப் பாட்டுகளில் வரும் தினைப்புனத்தில் பகலில் பெண்கள் கிளி ஓட்டுவார்கள். ராத்திரியில் ஆண்கள் பரண் மேல் காவல். தீப்பந்தம், தட்டை, கவண்கல், கத்தல், இவைதான் கருவிகள். புனத்துக்குள் நுழைய வந்த பன்றி, பல்லி சொன்ன சத்தத்தைக் கேட்டு வந்த வழியே திரும்பியது என்று நற்றிணை 98ஆம் பாட்டில் வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கவனிப்பு இன்றைக்கும் பொருந்தும். பன்றி காதையும் மூக்கையும் வைத்துப் பிழைக்கிற மிருகம், கண் அதற்கு இரண்டாம்பட்சம்.

ஊரிகத்து இருட்டு

இப்போது எங்கள் ஊருக்கு. 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தபோது, ஊரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் ஜனங்கள் மண்ணைக் கழுவியும் பள்ளம் தோண்டியும் தங்கம் எடுப்பதைப் பார்த்தார். 1871இல் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் இங்கே வந்து, பிறகு மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். உங்களில் பலரின் தாத்தா பாட்டிகள் அப்படி வந்தவர்களாக இருப்பார்கள்.

பூமிக்கு அடியில் சூரியன் கிடையாது. கையில் இருக்கும் வெளிச்சம்தான் உயிர். முதலில் மெழுகுவர்த்தி. பிறகு கார்பைட் விளக்கு. சின்னதாக இரண்டு அறை. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கால்சியம் கார்பைட் கட்டி. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ விழ அசிட்டிலீன் வாயு வரும், மூக்கில் பற்ற வைத்தால் பளிச்சென்று வெள்ளையாக எரியும். வாயு கசியும் நிலக்கரிச் சுரங்கத்தில் இதைக் கொண்டு போனால் ஆபத்து, வாயு பற்றிக்கொண்டு வெடித்துவிடும். தங்கச் சுரங்கத்தின் கல்லில் அந்த ஆபத்து அவ்வளவு இல்லாததால் உலகம் முழுக்கத் தங்கச் சுரங்கங்களில் இது ஓடியது. பேட்டரியில் எரியும் தொப்பி விளக்கு அதற்குப் பிறகு வந்தது.

என் தாத்தா நந்திதுர்க் மைனில் வேலை பார்த்தவர். லீவில் குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போது அந்தக் கார்பைட் விளக்கைக் கடலைக் கொல்லைக் காவலுக்கு எடுத்துக்கொண்டு போவாராம். "பன்னி வெளிச்சத்துக்குப் பயப்படாதுடா, கார்பைட் நாத்தத்துக்குத்தான் ஓடும்" என்பார். நான் சின்னப் பையன், சிரித்துக்கொண்டே கேட்பேன். பிற்பாடு படித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, அதே கார்பைட் விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ரக்கூன் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ஊரிகத்துச் சுரங்கமும் டெக்சாஸ் காடும் ஒரே விளக்கில் சந்தித்திருக்கின்றன.

அப்புறம் கரண்ட். 1902 ஜூன் மாதம் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. எங்கள் ஊர் மூன்று வருஷம் முந்திக்கொண்டது. (இந்தப் பெருமையை நாங்கள் எந்தக் கல்யாண வீட்டிலும் விடாமல் சொல்வோம். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.) இந்தக் கரண்ட் கம்பிக்கும் காட்டுப்பன்றிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டார்ச் லைட் காலம்

கையில் பிடிக்கும் மின்விளக்குக்கு 1899இல் அமெரிக்காவில் பேடன்ட் கொடுத்தார்கள். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் அது வேட்டைக்காரர்களின் துப்பாக்கியில் ஏறிவிட்டது. ருத்ரபிரயாகையில் ஆட்களைத் தின்ற சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் சுட்டது ராத்திரியில், துப்பாக்கியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில்தான். நம் பக்கத்தில் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் பரண் மேல் உட்கார்ந்து இதே முறையில் காத்திருந்தவர். அவர் எழுதிய புத்தகங்களில் வரும் ஊர்ப் பெயர்கள் தங்கவயல்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் பஸ் போர்டில் படித்துப் பழகினவை.

டார்ச் வேட்டைக்கு அடிப்படை ஒன்று உண்டு. சிறுத்தை, மான் போன்றவற்றின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் இரண்டு நெருப்புத் துண்டு மாதிரி கண் மின்னும். வேட்டைக்காரன் அந்த மின்னலை வைத்துத்தான் மிருகத்தைக் கண்டுபிடிப்பான். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதன் கண் அப்படிப் பிரகாசமாகத் திருப்பி அடிக்காது. கருப்பு உடம்பு, கருப்பு ராத்திரி, மின்னாத கண். மானுக்கும் சிறுத்தைக்கும் எடுபட்ட டார்ச் பன்றிக்கு அவ்வளவாக எடுபடாததன் காரணம் இதுதான். சிவப்பு நிறத்தையும் பன்றிக்குச் சரியாகப் பார்க்க முடியாது. அதனால்தான் டெக்சாஸில் சிலர் சிவப்பு விளக்கு போடுகிறார்கள்.

இந்தியாவில் இந்த டார்ச் வேட்டைக்குச் சட்டம் கதவைச் சாத்தியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விசேஷ அனுமதி இல்லாமல் செயற்கை வெளிச்சம் வைத்து வேட்டையாடுவதையும், சூரியன் மறைந்து உதிக்கும் வரை வேட்டையாடுவதையும் தடுத்தது. 1991 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். விளையாட்டு வேட்டைக்கு உரிமம் கொடுப்பதே நின்றுபோனதால் அந்தப் பிரிவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

போர்க்களத்திலிருந்து வந்த பச்சை வெளிச்சம்

மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உண்டு என்று 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டான இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. அதைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றும் குழாயை 1930களில் ஹாலந்திலும் அமெரிக்காவிலும் செய்தார்கள்.

இரண்டாம் உலகப்போரின் கடைசியில் ஜெர்மானியர்கள் 'வாம்பயர்' என்று ஒரு கருவியைத் துப்பாக்கியில் மாட்டினார்கள். விளக்குக்கான பேட்டரி மட்டும் 13 கிலோவுக்கு மேல், சிப்பாயின் முதுகில். அதே 1945இல் ஒகினாவாவில் அமெரிக்கர்களும் இதே மாதிரி கருவியை இறக்கினார்கள். இரண்டிலும் குறை ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத விளக்கை நீங்களே அடிக்க வேண்டும். எதிரியிடமும் அதே கருவி இருந்தால் நீங்கள் அவனுக்குக் கலங்கரை விளக்கம்.

வியட்நாம் போரில் 1960களில் வந்த 'ஸ்டார்லைட்' கருவி தனி விளக்கு இல்லாமல் நட்சத்திர வெளிச்சத்தையே பெருக்கிக் காட்டியது. இதுதான் முதல் தலைமுறை. 1970களில் நுண்துளைத் தகடு வைத்த இரண்டாம் தலைமுறை. அதன் பிறகு காலியம் ஆர்சனைடு பூசிய மூன்றாம் தலைமுறை. சினிமாவில் பச்சையாகத் தெரிவது இந்தக் குடும்பம்தான்.

தெர்மல் வேறு பரம்பரை. இதற்கு வெளிச்சமே வேண்டாம். உடம்புச் சூட்டையே படமாக்கும். டாலஸில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960களிலேயே விமானங்களுக்கு இதைச் செய்தது. ஆனால் அந்தக் கருவிகளை உள்ளே கடுமையாகக் குளிர வைத்தால்தான் வேலை செய்யும். குளிர வைக்காமல் இயங்கும் சில்லை ஹனிவெல் கம்பெனி 1980களில் ராணுவத்துக்காக ரகசியமாக உருவாக்கியது. 1992இல் ரகசியம் தளர்ந்தது. 2000ஆம் வருஷ மாடல் காடிலாக் டெவில் காரில் தெர்மல் கேமரா வந்தே விட்டது. அதற்குப் பிறகு தீயணைப்புக்காரர், கரண்ட் ஆபீஸ், கடைசியில் பன்றி வேட்டைக்காரர் வரை வந்து சேர்ந்தது.

இந்தியாவும் சும்மா இல்லை. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ராணுவத்துக்கு நைட் விஷன் செய்கிறது. ஆந்திராவின் மசூலிப்பட்டணம் தொழிற்சாலையில் இந்த வேலை நடக்கிறது. உள்ளே இருக்கும் குழாய்க்காக ஹாலந்துக் கம்பெனியோடு சேர்ந்து புனேயில் தனித் தொழிற்சாலை போட்டார்கள்.

டெக்சாஸ் பன்றியின் பேரேடு

1539இல் ஸ்பெயின்காரன் டி சோட்டோ ப்ளோரிடாவில் இறங்கும்போது நடமாடும் சாப்பாடாகப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்தான். தப்பினவை காடேறின. 1930களில் வேட்டைச் சுகத்துக்காக யூரேசியக் காட்டுப்பன்றிகளை டெக்சாஸில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்தன. இன்றைக்கு அமெரிக்கா முழுக்க 60 லட்சத்துக்கும் மேல் என்று விவசாயத் துறை மதிப்பிடுகிறது.

இங்கேதான் பேங்க்காரன் மூளை வேலை செய்கிறது. பெண்பன்றி ஒரு வயதுக்குள்ளேயே குட்டி போட ஆரம்பித்துவிடும். ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. சுத்தமான கூட்டு வட்டி. எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விவசாயப் பல்கலைக்கழக ஆட்களின் கணக்கு. ஐயாயிரம் டாலர் ஸ்கோப்பில் ராத்திரிக்கு இரண்டு சுட்டால் வட்டிகூட அடையாது, அசல் அப்படியே நிற்கும். முழுக் கூட்டத்தையும் ஒரே தடவை அடைக்கும் பெரிய பட்டிக் கூண்டுதான் அசலைக் குறைக்கும். அதனால் முதல் பணத்தைக் கூண்டிலும் வேலியிலும் போடுங்கள். மிச்சம் இருந்தால் கருவி.

வாங்கியே தீர வேண்டும் என்றால்

மூன்று ரகம் உண்டு. டிஜிட்டல் நைட் விஷன் சில நூறு டாலரில் கிடைக்கும். பகலிலும் பயன்படும். ஆனால் இருட்டில் தனி அகச்சிவப்பு விளக்கு அடிக்க வேண்டும், 1945இல் செய்த மாதிரியே. விளக்கில் 850 நானோமீட்டர் என்றால் தூரம் போகும், ஆனால் விளக்கில் லேசாகச் சிவப்புப் பொட்டு தெரியும். 940 என்றால் பொட்டு தெரியாது, தூரம் குறையும்.

இரண்டாவது, குழாய் வைத்த நைட் விஷன். நடந்து போக, வண்டி ஓட்ட, பள்ளம் மேடு பார்க்க இதுதான் நல்லது. நல்ல குழாய்க்கு மூவாயிரம் டாலரை ஒட்டிக் கேட்பார்கள். பகல் வெளிச்சம் பட்டால் குழாய் கெட்டுப்போகும். புதரில் அசையாமல் நிற்கும் கருப்புப் பன்றியைத் தவறவிடும்.

மூன்றாவது, தெர்மல். கண் மின்னாத பன்றிக்கு இதுதான் சரியான பதில். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கூட்டம்கூட வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். 384 என்று போட்டிருந்தால் நடுத்தரம், 640 என்றால் உயர்ந்தது. உணர்திறனை மில்லிகெல்வினில் சொல்வார்கள், எண் சின்னதாக இருந்தால் நல்லது, மழைக்குப் பிந்தைய ஈர ராத்திரியில் வித்தியாசம் தெரியும். விளம்பரத்தில் போடும் '1500 கஜம்' என்பது ஏதோ ஒரு சூடு இருக்கிறது என்று தெரியும் தூரம். அது பன்றியா, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியா என்று தெரியும் தூரம் அதில் கால் பங்குகூட வராது. தெர்மலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியாது. முள்கம்பி வேலி சரியாகத் தெரியாது. ஆள் படுத்திருந்தால் அதுவும் ஒரு வெள்ளை உருவம்தான்.

என்னைக் கேட்டால், துப்பாக்கியில் மாட்டாத, கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு தெர்மல் போதும். எதையாவது பார்க்க நினைக்கும்போதெல்லாம் துப்பாக்கியைத் தூக்கி நீட்டுகிற பழக்கம் வராது. எத்தனை பன்றி, எந்தப் பக்கம் வருகிறது, எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். கூண்டு எங்கே வைப்பது என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். சுடும் வேலையை உரிமமும் அனுபவமும் உள்ள உள்ளூர் ஆளிடம் விடுங்கள்.

இதில் விசாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. டெக்சாஸில் நிலச் சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதில் இருக்கும் ஒரு விதிவிலக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதாவது பன்றிக்குத் தேவைப்படாத உரிமம் உங்களுக்குத் தேவைப்படலாம். பக்கத்துப் பண்ணைக்காரர் "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்வது அவருக்குச் சரி. உங்கள் கிரீன் கார்டு விஷயம், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சூட்கேஸில் போட வேண்டாம்

போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, காமசமுத்திரத்துல எங்க அண்ணன் கடலைக் கொல்லையைப் பன்னி தின்னு தீர்க்குது. ஒரு தெர்மல் ஸ்கோப் வாங்கிப் பொட்டியில போட்டுக்கிட்டுப் போகலாமா?" அண்ணன் மேல் இருக்கும் பாசம் புரிகிறது. பதில்: கூடாது.

நல்ல நைட் விஷன் குழாயும் பெரும்பாலான தெர்மல் ஸ்கோப்பும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டு போனால் குற்றம், பரிசுப் பொருள் என்றாலும் சரி. 2007இல் ஐ.டி.டி. என்ற பெரிய கம்பெனியே நைட் விஷன் தொழில்நுட்ப விவரங்களை வெளிநாட்டுக்குக் கொடுத்ததற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. அத்தனை வக்கீல்கள் வைத்திருந்த கம்பெனிக்கே அந்த நிலைமை. ஏர்போர்ட்டில் நம் சூட்கேஸ் எந்த மூலை?

அந்த அண்ணனுக்கும் அதனால் லாபம் இல்லை. இந்தியாவில் காட்டுப்பன்றி சட்டப் பாதுகாப்பில் இருக்கும் மிருகம். பயிரைக் காக்கக் குழல் வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் உரிமம் உண்டு. ஆனால் துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுட அனுமதி வேறு. அந்த அனுமதியை அரசு சொல்லும் முறையில்தான் பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. 2015 டிசம்பரில் பீகாரிலும் 2016இல் உத்தராகண்டிலும் சில மாவட்டங்களுக்குக் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தொல்லை விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. கேரளா 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைத் தந்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, அதற்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடுவது என்று முறை வைத்தது. எங்கேயும் விவசாயி தன் இஷ்டத்துக்கு ஸ்கோப் மாட்டிக்கொண்டு இறங்கலாம் என்று இல்லை.

கரண்ட் கம்பி

முன்னால் சொன்ன பாக்கியை இங்கே தீர்த்துவிடுகிறேன். அனுமதி வரும் வரை காத்திருக்க முடியாத விவசாயி இரண்டு வேலை செய்கிறார். ஒன்று அவுட்டுக்காய், தீனிக்குள் வெடிமருந்து. 2020 மே மாதம் பாலக்காட்டில் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடி செத்த சினை யானை நினைவிருக்கும். அந்த வெடி பன்றிக்கு வைத்தது என்றே விசாரணையில் சொன்னார்கள். இன்னொன்று, லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக் கம்பியில் கரண்ட் விடுவது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. யானைகளோடு நிற்பதில்லை. தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர், வேலி போட்டவர் வீட்டு ஆட்களே கூட இப்படிக் கம்பியில் விழுகிறார்கள்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இழுத்த கம்பி எங்கள் ஜனங்களைப் பூமிக்கடியில் இறக்கி ஏற்றியது. அதற்குப் பக்கத்து மாவட்டங்களில் இன்றைக்கு அதே கரண்ட் இப்படி வேலை செய்கிறது. அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: ஸ்கோப்புக்கு வைத்திருந்த இரண்டாயிரம் டாலரில் அண்ணனுக்கு அனுமதி பெற்ற சோலார் வேலி போட்டுக் கொடு. விட்டு விட்டு ஒரு துடிப்பு அடிக்கும், பன்றி பயந்து திரும்பும், உயிர் போகாது. மிச்சப் பணத்தில் பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கக் காகிதங்களைச் சரி பண்ணச் சொல். போட்டோ, பட்டா நகல், கிராம அலுவலர் அறிக்கை, தேதி. காகிதம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்பது இருபது வருஷ பேங்க் உத்தியோகத்தில் நான் கண்டது. வேலி போட்டாகிவிட்டது. இந்த வருஷக் கடலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று போன மாதம் தகவல் வந்தது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அந்த இருட்டில் இறங்கி ஏறினவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இன்னும் சிலர் டாலஸ், சிட்னி, சிங்கப்பூரில் பிள்ளைகள் வீட்டிலும் இருக்கிறார்கள். கார்பைட் விளக்கை எப்படிப் பற்ற வைப்பார்கள், எத்தனை மணி நேரம் எரியும், அணைந்துபோனால் உள்ளே என்ன செய்வார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுப் பாருங்கள். சொன்னதைச் சொன்னபடியே, தேதியும் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.